குடில் செட் நல்லாத்தான் இருக்கு, ஆனா குழந்தை இயேசுவ ஒட்டி அனுப்பிட்டாங்க

கிறிஸ்மஸுக்கு இயேசு பிறந்த காட்சிய வைக்கிற குடில் செட், நவம்பர் கடைசில ஆன்லைன்ல வாங்குனது, 11 சுரூபம் (சிலை), 6 இன்ச், பாலிரெசின், 1,850 ரூபா. பேக்கிங் பத்தி குறை சொல்ல ஒண்ணுமில்ல, ஒவ்வொண்ணுக்கும் தனி பபிள் கவர், ஆட்டுக்குட்டி காது கூட உடையல. மாதா முகம் ரொம்ப அழகு. மாதாவோட கணவர் சூசையப்பருக்குத்தான் புருவம் கொஞ்சம் தூக்கலா போட்டு கோவக்காரர் மாதிரி ஆக்கிட்டாங்க, பரவால்ல, பிரசவ நேரத்துல சத்திரத்துல இடமில்லன்னு சொன்னா யாருக்கும் கோவம் வரத்தான் செய்யும்.

பிரச்சனை என்னன்னா தீவனத் தொட்டி. குழந்தை இயேசு தனியா வரும்னு நெனச்சேன், பாத்தா தொட்டியோட சேத்து பசை போட்டு ஒட்டிருக்கு. இதெல்லாம் ஒரு குறையான்னு கேப்பீங்க. எங்க வீட்ல திருவருகைக் காலம் (கிறிஸ்மஸுக்கு முன்னாடி காத்திருக்கிற நாலு வாரம்) முழுக்க தொட்டி காலியாத்தான் இருக்கும், டிசம்பர் 24ஆம் தேதி ராத்திரிதான் பாலன, அதான் குழந்தை இயேசுவ வைப்போம், இது எங்க அம்மா காலத்துலருந்து. பிள்ளைங்க ஏதாவது நல்லது செஞ்சா, இல்ல டிவியோ மிட்டாயோ ஒரு நாள் வேணாம்னு விட்டா, ஒரு வைக்கோல் எடுத்து தொட்டில போடணும், பாலனுக்கு மெத்தை. என் சின்னவன் செட்ட பிரிச்ச உடனே கேட்ட கேள்வி, "அம்மா, இவர் ஏற்கெனவே வந்துட்டாரே, இனி நான் எதுக்கு சண்ட போடாம இருக்கணும்?" நியாயமான கேள்விதான!

விக்கிறவங்களுக்கு கிறிஸ்மஸ் தெரியுது, அதுக்கு முன்னாடி உள்ள நாலு வாரம் தெரியல. இந்த வருஷம் (2025) நவம்பர் 30 திருவருகைக் காலத்தோட முதல் ஞாயிறு, அன்னைக்கு நற்செய்தியில குழந்தையே கிடையாது, நோவா காலத்துல சாப்டுட்டு குடிச்சுட்டு இருந்தாங்க, வெள்ளம் வந்து வாரிட்டுப் போச்சு, விழிப்பா இருங்கன்னுதான் மத்தேயு 24ல வாசிச்சாங்க. டிசம்பர் 16 வரைக்கும் இயேசு உலக முடிவுல மறுபடி வரப்போறத பத்திதான் கோயில்ல அதிகம் பேச்சு, 17லருந்துதான் அவர் பிறந்த பெத்லகேம் பக்கம் திரும்புவாங்க. செட்ல சம்மனசு (தேவதூதர்) கையில 'க்ளோரியா'ன்னு தங்கக் கலர் பட்டை வேற, நாங்க இந்த நாலு ஞாயிறும் பூசையில அந்த க்ளோரியாவ, அதான் வானவர் கீதத்தையே பாடாம காத்துக்கிட்டு இருக்கோம், இவரு முதல் நாளே ஆரம்பிச்சிட்டாரு. அவரையும் 24 வரைக்கும் டப்பாவுலயே வச்சிட்டேன்.

இன்னொண்ணு, ஒட்டகம் இருக்கு, மாடு இருக்கு, கழுதை இல்ல. இயேசு பிறந்த கதைய சொல்ற லூக்கா நற்செய்தில மாடும் இல்ல கழுதையும் இல்லதான், ஆனா மாட்டுக்கு அதோட சொந்தக்காரன தெரியும், கழுதைக்கு எஜமான் தொட்டி தெரியும், என் ஜனத்துக்குத்தான் ஒண்ணும் தெரியலன்னு பைபிள்ல எசாயா முதல் அதிகாரத்துல கடவுள் சொல்றதா வருதுல்ல, அந்த ரெண்டும் அதுக்காகத்தான் குடில்ல நிக்குது. புனிதர் பிரான்சிஸ் அசிசியார் 1223ல இத்தாலில கிரேச்சோ ஊர்ல குடில் போட்டப்போ உயிரோட மாடு, கழுதை, ஒரு தொட்டி, வைக்கோல் அவ்வளவுதான், சுரூபமே கிடையாது, அந்தத் தொட்டிக்கு மேலதான் பூசை வச்சாங்க. அதனால ரிட்டர்ன் போடாம நானே பிரிச்சிடலாம்னு உக்காந்தேன்.

வெந்நீர்ல பத்து நிமிஷம் போட்டு, தைக்கிற நைலான் நூல குழந்தை முதுகுக்கு அடியில விட்டு ரம்பம் மாதிரி முன்னும் பின்னும் இழுத்தேன், பசை இளகி வந்துச்சு. முதுகுல கொஞ்சம் பெயின்ட் போச்சு, படுக்க வச்சா தெரியாது. நெயில் பாலிஷ் ரிமூவர் மட்டும் போட்ராதீங்க, ஓரத்துல தொட்டுப் பாத்தேன், கலர் கையோட வந்துருச்சு. கடைக்காரங்ககிட்ட மெசேஜ் போட்டதுக்கு, விழுந்து உடையக்கூடாதுன்னுதான் ஒட்டுறோம் மேடம்னு பதில் வந்துச்சு.

கூடவே வாங்குன, திருவருகைக் காலத்துல ஞாயிறுக்கு ஒண்ணு கூட்டி ஏத்துற மெழுகுவர்த்தி செட் சரியா இருக்கு, மூணு ஊதா, ஒரு ரோஸ், ரோஸ் மூணாவது ஞாயிறுக்கு. முதல்ல ஏத்துறது நாலு வாரமும் எரியணும்ங்கறதால அதுக்கு மட்டும் ஒண்ணு எக்ஸ்ட்ரா வாங்கி வைங்க.

மூணு ஸ்டார். குழந்தைய பாக்க வந்த மூணு ராஜாவையும் இப்பவே குடில்ல நிறுத்தாம ஷோகேஸ்ல தூரமா வச்சிருக்கேன், தினம் ஒரு சாண் நகத்துறான் சின்னவன், இந்த வேகத்துல அவங்க திருநாளான ஜனவரி 6க்கு ரொம்ப முன்னாடியே வந்து சேந்துருவாங்க. தொட்டில இதுவரைக்கும் ஏழு வைக்கோல் விழுந்துருக்கு, அதுல ரெண்டு அவன் அக்காவோடது. பாலன் என் பீரோவுல பட்டுச்சேலைக்கு நடுவுல இருக்காரு.