மலையில் ஒரு புகைப்படக் கூடம்: சுவரா, தெருவா, பட்டறையா?

நீலகிரியில் சோதனை முறைப் புகைப்படக் கலைக்கும் அதில் புதிதாக இறங்குபவர்களுக்கும் இலாப நோக்கில்லாத ஒரு கூடம் வேண்டும் என்று பேச்சு எடுத்தால், உடனே எல்லோருடைய கண்ணும் கட்டடத்தின் மேல்தான் போகிறது. குன்னூரில் வாடகைக்கு வரும் ஒரு பழைய பங்களா, வெள்ளையடித்த நான்கு சுவர், மேலே விளக்கு. அது ஒரு வழிதான். இன்னும் இரண்டு வழிகள் இருக்கின்றன. மூன்றுக்குமே முன்னோடிகள் உண்டு.

சான் பிரான்சிஸ்கோவில் 1974இல் தொடங்கிய எஸ்எஃப் கேமராவொர்க், புதியவர்களின் படைப்புகளைச் சுவரில் மாட்டிக் காட்டும் கூடமாக வளர்ந்தது. 2016இல் தொடங்கிய சென்னை போட்டோ பினாலே, படங்களை ரயில் நிலையம் போன்ற பொது இடங்களுக்கே கொண்டுபோனது. நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் 1973 முதல் இயங்கும் லைட் வொர்க், கலைஞரை ஒரு மாதம் தங்கவைத்து, டார்க்ரூமையும் (படம் கழுவும் இருட்டறை) டிஜிட்டல் லேபையும் திறந்துவிட்டு, கையில் உதவித்தொகையும் தருகிறது. சுருக்கமாகச் சொன்னால் சுவர், தெரு, பட்டறை.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நீலகிரியில் பட்டறையில் தொடங்குங்கள். மழை ஓய்ந்த ஜனவரி முதல் மார்ச் வரை தெருவுக்குப் போங்கள். சுவரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். ஏன் என்பதற்கான கணக்கு கீழே.

சுவர்

புதிதாகக் கட்டும் யோசனையே வேண்டாம். மலைப்பகுதிக் கட்டட அனுமதி விதிகள் கடுமையானவை. அனுமதிக்கு அலைவதிலேயே ஒரு சிறு அமைப்பின் தெம்பு தீர்ந்துவிடும். ஆகவே வாடகைக் கட்டடம்தான். அங்கேதான் ஓதம் காத்திருக்கிறது. சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய பழைய கல்சுவர், மழைக்காலம் முழுக்க உள்ளுக்குள் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். ஊட்டி, கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் ஜெலட்டின் பூசிய தாளில் பூஞ்சை பிடிக்கும், தாள் அலையலையாக நெளியும், கண்ணாடியில் படம் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய ஜெலட்டினைப் பிரித்தெடுக்கப் போனால் படம் கிழிந்துதான் வரும்.

இதைச் சமாளிக்க வழி இல்லாமல் இல்லை. வெளிச்சுவரில் எதையும் மாட்டக்கூடாது. அறைகளைப் பிரிக்கும் உள்சுவர்களில் மட்டும் மாட்ட வேண்டும். ஃப்ரேமின் கீழ் மூலைகள் இரண்டிலும் 10 முதல் 15 மி.மீ. தடிப்புள்ள ரப்பர் அல்லது கார்க் துண்டு ஒட்டினால் பின்னால் காற்று ஓடும். மவுண்ட் போர்டோ ஓரச் சட்டமோ வைத்துக் கண்ணாடி படத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அறையை மிதமாகச் சூடாக்குவதும் உதவும். 15 டிகிரியில் 85 சதவீத ஈரப்பதம் இருக்கும் அறையை 20 டிகிரிக்குக் கொண்டுவந்தால், அதே காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 62 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட வெளியே எடுக்கவில்லை. சூடான காற்றால் கூடுதல் நீராவியைத் தாங்க முடிகிறது, அவ்வளவுதான். ஆனால் ராத்திரி ஹீட்டரை அணைத்துவிட்டுப் போனால் விடிவதற்குள் பழைய நிலைக்கே வந்துவிடும். தினமும் இப்படி ஏறி இறங்குவதும் தாளுக்குக் கெடுதல்.

டீஹியூமிடிஃபையர் வாங்குபவர்கள் பெரும்பாலும் இடறும் இடம் ஒன்று உண்டு. கடையில் எளிதாகக் கிடைப்பது கம்ப்ரஸர் வகை. குளிர்ந்த காயிலில் நீராவியைப் படியவைத்து இறக்குவது அதன் வேலை. அறை 15 டிகிரிக்குக் கீழே போனால் அந்தக் காயிலில் பனி உறைந்து, இயந்திரம் பாதி நேரம் பனியை உருக்குவதிலேயே ஓடும். சென்னையில் ஒரு நாளில் வாளி நிறைக்கும் அதே இயந்திரம் ஊட்டி ஜனவரியில் டம்ளர் நிறைக்கத் திணறும். குளிர் ஊருக்கு, ஈரம் உறிஞ்சும் பொருளைக் கொண்டு காற்றை உலர்த்தும் டெசிகண்ட் வகைதான் சரி. மின்சாரம் கூடச் செலவாகும், ஆனால் வேலை நடக்கும்.

வாடகை, மின்சாரம், ஃப்ரேம், காவலாள் என்று வருடம் முழுக்கப் போய்க்கொண்டே இருக்கும் செலவு இது. இத்தனைக்கும் பிறகு யார் வந்து பார்ப்பார்கள்? சீசனில் சிம்ஸ் பூங்காவுக்கு வரும் கூட்டத்தில் ஒரு பகுதி வரும். கோத்தகிரிப் பக்கத்து ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) ஒரு கல்லூரிப் பெண் பஸ் ஏறி வந்து பங்களா கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வருவாளா என்றால், சந்தேகம்தான்.

தெரு

அந்தப் பெண்ணிடம் படத்தைக் கொண்டுபோவது தெருவழி. சமுதாயக் கூடத்தின் முன்சுவர், பேருந்து நிலையம், சந்தைத் திடல், பள்ளி மைதானத்து வேலி. மலை ரயில் நிலையங்கள் ஆசையைக் கிளப்பும். அவற்றுக்குத் தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டத்தில் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். பாரம்பரியச் சின்னம் என்பதால் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்க முடியாது. தனியே நிற்கும் ஸ்டாண்டுதான் கதி.

எதில் அச்சிடுவது? ஃப்ளெக்ஸ் வேண்டாம். பிளாஸ்டிக்குக்கு எதிராக இத்தனை வருடம் பாடுபட்டிருக்கும் மாவட்டத்தில் அதைக் கட்டித் தொங்கவிடுவது முறையல்ல. காற்றில் கிழிந்து சோலையில் போய் விழுந்தால் பொறுக்கவும் முடியாது. 3 மி.மீ. ஏ.சி.பி. ஷீட்டில் (இரண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த பலகை) படத்தை ஒட்டி, மேலே மேட் லேமினேஷன் போடுவது நிற்கும். பளபளக்கும் கிளாஸி லேமினேஷன் போட்டால் படத்துக்குப் பதிலாக வானம்தான் தெரியும். 8க்கு 4 அடி ஷீட் ஒன்றில் 2க்கு 2 அடித் துண்டுகள் எட்டு வரும். 24 படக் கண்காட்சிக்கு மூன்று ஷீட் போதும். அடுத்த வருடம் மேலே ஒட்டியதை உரித்துவிட்டு அதே ஷீட்டைத் திரும்பப் பயன்படுத்தலாம்.

கெட்டுப்போவது பெரும்பாலும் ஓரத்தில்தான். வெட்டிய விளிம்பு வழியாக மூடுபனியின் ஈரம் லேமினேஷனுக்கு அடியில் நுழைந்து, வெள்ளைக் கோடாகப் பரவும். லேமினேஷன் ஷீட்டின் பின்பக்கம் ஓர் அங்குலம் மடிந்து வர வேண்டும், அல்லது விளிம்பில் சிலிகான் ஓட்ட வேண்டும். இரும்புத் திருகு போட்டால் ஒரே மழையில் துருக்கறை படத்தின் மேல் வழியும். ஸ்டெயின்லெஸ் திருகும் ரப்பர் வாஷரும் போடுங்கள். குரங்கு பிடித்து இழுக்க இடம் கொடுக்கும் தொங்கல், கயிறு எதுவும் கூடாது. குன்னூர், கோத்தகிரியில் காட்டெருமை நடமாடும் வழி எது என்று அந்தத் தெருக்காரர்களிடம் கேட்டுவிட்டே ஸ்டாண்டை நட வேண்டும்.

ஜனவரி முதல் மார்ச் வரைதான் நல்ல காலம். ஏப்ரல், மே மாதங்களில் சுற்றுலாக் கூட்டத்தை நம்பித் திட்டம் போட வேண்டாம். 2024 மே முதல் வாகனங்களுக்கு இ-பாஸ் இருக்கிறது, நெரிசலும் இருக்கிறது. வந்தவர்கள் மலர்க் கண்காட்சிக்கு ஓடுவார்கள்.

தெருவுக்குப் பெரிய குறை ஒன்று உண்டு. சோதனை முறைப் படைப்பின் உயிரே அந்தத் தாளில், அந்தப் பூச்சில், கையால் தேய்த்த தூரிகைத் தடத்தில் இருக்கிறது. அதை ஸ்கேன் செய்து வினைலில் அடித்து ஒட்டினால் நகல்தான் மிஞ்சும். ஆவணப் படங்களுக்குத் தெரு பொருந்துகிற அளவுக்கு இதற்குப் பொருந்தாது. பார்த்தவர் “இதை நானும் செய்து பார்க்கணும்” என்று கேட்டால் கைகாட்ட ஓர் இடமும் வேண்டும்.

பட்டறை

அந்த இடத்துக்கு ஊட்டியைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் இல்லை. 1960இல் நிறுவப்பட்டு, 1967 முதல் உற்பத்தியில் இறங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் தாளும் எக்ஸ்ரே ஃபிலிமும் செய்தது இங்கேதான். இந்து நகர் என்ற பெயரே அந்த ஆலை தந்தது. ஆலை நின்றுவிட்டது. அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களை ஒரு பயிற்சி நாளுக்கு அழைத்து உட்காரவையுங்கள். ஃபிலிமிலும் தாளிலும் பூசும் ஒளியுணர் பூச்சான எமல்ஷனைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் வராத விஷயங்கள் வெளியே வரும்.

பெரிய டார்க்ரூமோடு தொடங்கத் தேவையில்லை. ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு மேசை, இருட்டாக்கக்கூடிய ஓர் அறை, படம் மாட்ட ஒரே ஓர் உள்சுவர் போதும். முதல் வருடம் சயனோடைப்: இரும்பு உப்புக் கரைசல் பூசிய தாளின் மேல் நெகட்டிவை வைத்து வெயிலில் காட்டி, தண்ணீரில் அலசி நீலப் படம் எடுப்பது.

ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டுபிடித்த முறை இது. ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராமை 100 மி.லி. தண்ணீரிலும், பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராமை இன்னொரு 100 மி.லி. தண்ணீரிலும் கரைத்துத் தனித்தனிப் பழுப்பு பாட்டிலில் வையுங்கள். சிட்ரேட் கரைசலில் சில வாரங்களில் பூஞ்சை மிதக்கும், வடிகட்டிப் பயன்படுத்தலாம். பூசும்போது இரண்டையும் சம அளவில் கலக்க வேண்டும். ஏ4 தாளுக்கு 3 முதல் 4 மி.லி. பிடிக்கும் என்பதால் இந்த அளவு 50 முதல் 65 தாள் வரை வரும். ஃபெரிசயனைடை அமிலத்தோடு சேர்க்கவோ சூடாக்கவோ கூடாது. நச்சு வாயு வரும். இதைச் சுவரில் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

மலையில் தவறுவது காயவைப்பதில்தான். பூசிய தாள் தொட்டால் காய்ந்தது போலவே இருக்கும்; உள்ளே ஈரம் இருக்கும். அதன்மேல் நெகட்டிவை அழுத்தினால் ஒட்டிக்கொண்டு இரண்டும் பாழாகும், நீலம் திட்டுத்திட்டாக வரும். இருட்டில் கால் மணி நேரம் வைத்துவிட்டு, ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்துப் பின்பக்கத்திலிருந்து காட்டி முடியுங்கள். பூசிய அன்றே பயன்படுத்துங்கள். ஈரக் காற்றில் ராத்திரி தங்கிய தாள் வெள்ளைப் பகுதியிலும் நீலமாகிவிடும்.

வெளிச்சத்துக்குக் குறைவில்லை. 1000 மீட்டர் உயரத்துக்குப் புறஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். ஊட்டி 2240 மீட்டரில் இருக்கிறது. பளிச்சென்ற ஜனவரி மதியத்தில் சில நிமிடங்களே போதும். மூடுபனி இறங்கினால் அதே படம் அரை மணி கேட்கும். ஆகவே கடிகாரத்தைப் பார்க்காமல் தாளின் ஓரத்தைப் பாருங்கள்: பச்சை கலந்த மஞ்சள் முதலில் நீலமாகும், பிறகு சாம்பல் கலந்த வெண்கல நிறத்துக்குத் திரும்பும். அந்தத் திருப்பத்தில் எடுத்து, மஞ்சள் முழுதும் போகும் வரை ஓடும் தண்ணீரில் அலச வேண்டும். நீலம் வெளிறினால் தண்ணீரிலோ தாளிலோ காரம் இருக்கிறது என்று பொருள். சுண்ணாம்புச் சத்து சேர்த்த ஆர்கைவல் தாள் விலை உயர்ந்ததுதான், ஆனால் சயனோடைப்புக்கு அதுவே பகை.

அதே காரத்தை வேண்டுமென்றே பயன்படுத்துவதுதான் டீ டோனிங். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சலவை சோடா கரைத்து, படத்தை முக்கி நீலம் மஞ்சளாக வெளிறியதும் எடுத்து நன்றாக அலசி, திடமான கறுப்பு டிக்காஷனில் அரை மணி முதல் ஒரு மணி வரை போடுங்கள். டீயின் டேனின் இரும்போடு சேர்ந்து கறுப்பாகிவிடும். டஸ்ட் டீ தாளின் வெள்ளையையும் பழுப்பாக்கும். இலைத்தூள் மென்மையாக வரும். தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் குடும்பத்துப் பிள்ளைகள், அம்மா பறித்த இலையிலேயே படத்துக்கு நிறம் ஏற்றலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே பட்டறைக்கு எங்கள் ஓட்டு.

இரண்டாம் வருடம் வெள்ளி ஜெலட்டின், அதாவது இருட்டறையில் கழுவும் வழக்கமான கறுப்பு வெள்ளைப் பிரிண்ட். சமவெளியில் டெவலப்பரை (படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசல்) குளிரவைக்க ஐஸ் தேடுவார்கள். இங்கே சூடாக்க வேண்டும். 20 டிகிரிதான் இலக்கு. 13க்குக் கீழே போனால் டெவலப்பரில் இருக்கும் இரண்டு ரசாயனங்களில் ஹைட்ரோகுவினோன் ஏறக்குறைய வேலையை நிறுத்திவிடும், மெட்டால் மட்டும் ஓடும். படம் சாம்பலாக, உப்புச்சப்பில்லாமல் வரும். புதியவர் தாளின் மேல் பழி போட்டு வேறு கிரேடு தாள் வாங்குவார். டிரேயை 24 டிகிரித் தண்ணீர் நிறைந்த பெரிய டிரேக்குள் வைத்தால் தீர்ந்தது. படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்ஸர் கரைசலில், பயன்படுத்திய பிறகு வெள்ளி இருக்கிறது. அதை ஓடையில் கொட்டக்கூடாது. கேனில் சேர்த்து, எக்ஸ்ரே கூடங்களில் ஃபிக்ஸர் வாங்க வருபவர்களிடம் கொடுங்கள்.

பட்டறையின் பலவீனம் ஆள். சொல்லிக்கொடுப்பவர் ஒருவர் விலகினால் மேசையும் டிரேயும் மட்டுமே மிஞ்சும். இரண்டு பேரையாவது முதல் வருடமே தயார் செய்ய வேண்டும்.

பணமும் பத்திரமும்

சங்கமாகப் பதிவு செய்ய 1975ஆம் வருடத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் வேண்டும். அறக்கட்டளைக்குப் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். சிறு குழுவுக்கு அது எளிது. கவனிக்க வேண்டியது வரிச்சலுகையின் நிபந்தனை. பொதுப் பயன் என்ற தலைப்பில் சலுகை பெறும் அமைப்புக்கு, கட்டணமும் விற்பனையுமாக வரும் வணிக வருமானம் மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பிரிண்ட் விற்றே கூடத்தை ஓட்டிவிடலாம் என்று நினைக்கும் சுவர்க்கட்சி இங்கேதான் சிக்கும். பட்டறையும் சுற்றுலாப் பயணிகளிடம் வகுப்புக் கட்டணம் வாங்கிக்கொண்டே போனால் சிக்கும். ஆடிட்டரிடம் வருடத் தொடக்கத்திலேயே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எந்த வழியானாலும் கலைஞரோடு ஒரு பக்க ஒப்பந்தம் எழுதாமல் ஒரு படத்தையும் வாங்காதீர்கள். பிரிண்ட் செலவு அமைப்பினுடையது. விண்ணப்பக் கட்டணம் இல்லை. காப்புரிமை கலைஞருடையது, இன்ன கண்காட்சிக்கு இன்ன தேதிவரை மட்டும் காட்ட அனுமதி. விற்றால் பங்கு எவ்வளவு, பணம் எத்தனை நாளில். படம் கெட்டால் யார் பொறுப்பு. வாங்கும்போதும் திருப்பித் தரும்போதும் படத்தின் நாலு மூலையையும் மொபைலில் எடுத்து வையுங்கள். தோடர், கோத்தர், குறும்பர், இருளர் ஊர்களில் எடுத்த படமென்றால், படத்தில் இருப்பவரின் சம்மதமும் அதே கோப்பில் இருக்க வேண்டும். அவர்களுக்கு ஒரு பிரிண்ட் கொடுத்தாயிற்றா என்பதற்கும் அதில் ஒரு வரி ஒதுக்குங்கள்.