தடுப்பூசி விளம்பரம்: ஃபுளோரிடா வழியா, டெக்சாஸ் வழியா?

கொரோனா தடுப்பூசியை விற்ற விதத்தில் பொய் இருந்ததா என்று பார்க்க, அமெரிக்காவின் இரண்டு மாநிலங்கள் வேறுவேறு வழியில் போயின.

ஃபுளோரிடா ஆளுநர் ரான் டிசாண்டிஸ் 2022 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றத்திடம் கிராண்ட் ஜூரி கேட்டு வாங்கினார். சாதாரணக் குடிமக்கள் மூடிய அறையில் உட்கார்ந்து சாட்சிகளை விசாரிப்பார்கள். 2025 ஜனவரியில் இறுதி அறிக்கை வெளிவந்தது. நிறுவனங்களைக் கடுமையாகக் குறை சொன்னது, ஆனால் குற்றச் செயல் எதையும் காணவில்லை என்றது.

டெக்சாஸ் நேரே வழக்குக்குப் போனது. அட்டர்னி ஜெனரல் கென் பாக்ஸ்டன் 2023 நவம்பரில், நுகர்வோரை ஏமாற்றும் வணிகத்துக்கு எதிரான மாநிலச் சட்டத்தின்கீழ் ஃபைசர்மீது வழக்குத் தொடுத்தார். சண்டை, தடுப்பூசியின் பலன் 95 சதவீதம் என்று ஃபைசர் சொன்ன எண்ணைப் பற்றியது. சோதனையில் ஊசி போட்டவர்களில் 8 பேருக்கு நோய், போடாத பிரிவில் 162 பேருக்கு. அதிலிருந்து வந்ததுதான் 95. ஆனால் ஒவ்வொரு பிரிவிலும் சுமார் 18,000 பேர் இருந்ததால், தனியொருவருக்கு நோய் வரும் ஆபத்து குறைந்த அளவு ஒரு சதவீதத்துக்கும் கீழே என்றது டெக்சாஸ். இரண்டு கணக்குமே சரிதான். சில மாதக் கணக்கை வைத்து, பரவல் வேகமாக இருக்கும் காலத்தில் இரண்டாவதை மட்டும் நீட்டிக் காட்டுவதும் ஒருவகை விளம்பரமே, என் பார்வையில்.

2024 டிசம்பர் இறுதியில் வழக்கு தள்ளுபடியானது. பெருந்தொற்றுக் கால மருந்துகளுக்கு 2005ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் தரும் பாதுகாப்பு குறுக்கே நின்றது.

சரி, எது மேல்? எனக்கு ஃபுளோரிடா வழி. தண்டனை இல்லைதான்; படிக்க ஒரு அறிக்கையாவது மிஞ்சியது.