கலப்பத்து அடித்த மரப்படகு: பல பருவம் ஓட்டியபின் தெரிவது

பலகைகளுக்கு இடையே உள்ள இடுக்கில் பஞ்சுத் திரியைத் திணித்து அடைப்பதுதான் கலப்பத்து. பலகைப் படகு கசிந்தால் உடனே இடுக்கில் இன்னும் கொஞ்சம் பஞ்சைத் திணிக்கிறார்கள். நாள்பட்ட படகுக்கு அது பெரும்பாலும் தவறான வைத்தியம்.

முதலில் மரத்தின் அசைவைப் பாருங்கள். 200 மி.மீ. அகலத் தேக்குப் பலகையில் ஈரம் 4 சதவீதம் இறங்கினால், முனையில் பார்த்தால் மரத்தின் வளர்ச்சி வளையங்கள் கிடையாக ஓடும் பலகை சுமார் 1.5 மி.மீ. சுருங்கும். வளையங்கள் செங்குத்தாக நிற்கும் பலகை அதில் ஏறக்குறைய பாதிதான் சுருங்கும். மரம் வாங்கும்போதே முனையைப் பார்த்துப் பொறுக்குவது இதற்காகத்தான்.

கரையில் வெயிலில் காய்ந்து கிடக்கும் படகின் இடுக்கு விரியும். அப்போது பஞ்சை இறுக்கி அடித்துவிட்டால், கடலில் ஊறி உப்பும் பலகைக்கு இடமிருக்காது. பஞ்சு வெளியே பிதுங்கும். அதற்கும் வழியில்லையென்றால் ஆணி இளகும், வங்கு (பலகைகளைத் தாங்கி உள்ளே விலா எலும்புபோல் நிற்கும் சட்டம்) விரிசல் விடும். படகை ஓலையோ ஈரச் சாக்கோ போட்டு மூடி, அவ்வப்போது கடல்நீர் தெளித்து வையுங்கள். நீரில் இறக்கிய முதல் ஓரிரு நாள் கசியத்தான் செய்யும். இறைத்துக்கொண்டே பொறுத்திருந்தால் பெரும்பாலும் தானே அடைபடும்.

நல்ல இடுக்கு உள்பக்கம் மரத்தோடு மரம் ஒட்டியும், வெளிப்பக்கம் ஆப்பு வடிவில் வாய் திறந்தும் இருக்கும். உள்வாயும் திறந்திருந்தால் திரி படகுக்குள் விழுந்துவிடும். பருத்தித் திரியைச் சிறு மடிப்புகளாக வைத்து, உளியும் கொட்டாப்புளியும் (மரச் சுத்தியல்) கொண்டு அடிக்க வேண்டும். திரி இறுகியதும் அடியின் ஓசை மாறும். தேர்ந்த கை அங்கேயே நிறுத்திவிடும். மேலே 3 முதல் 4 மி.மீ. பள்ளம் விட்டு, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தால் நிரப்ப வேண்டும். அந்தப் பள்ளத்தில் எபாக்சியோ (கல்போல் இறுகும் பிசின்) சிமென்டோ வைக்கவே வைக்காதீர்கள். பலகை அசையும்போது அவை அசையாமல் ஓரத்தில் பிளந்துவிடும். பிறகு பெயர்த்தெடுக்கும்போது பலகை விளிம்பும் சேர்ந்து வரும்.

புதிதாக அடித்த இடுக்கே ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கசிந்தால், குற்றவாளி பஞ்சு இல்லை, ஆணி. இரும்பு துருப்பிடித்து உப்பும், சுற்றியுள்ள மரம் கறுத்து மிருதுவாகும், பலகை வங்கை விட்டு விலகும். பழைய துளையிலேயே புது ஆணி அடித்தால் பிடிக்காது. நல்ல மரம் பார்த்துத் தள்ளி அடிக்க வேண்டும். செம்பையும் இரும்பையும் அருகருகே வைத்தால் உப்புநீரில் இரும்பு இன்னும் வேகமாகக் கரையும். இந்த வகையில் தேக்கின் மேல் எங்களுக்குத் தனி மதிப்பு உண்டு, ஓக் மரத்தின் துவர்ப்பு அரிப்பதுபோல அது இரும்பை அரிப்பதில்லை. பம்பாயில் தேக்கில் கட்டி 1817இல் இறக்கிய 'டிரிங்கோமலி' போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது.

கப்பல் புழு உண்மையில் சிப்பி இனம். குண்டூசித் தலையளவு துளையில் நுழைந்து உள்ளே குடைந்துகொண்டே போகும். வெளித்தோல் பழுதில்லாமல் தெரியும். அதனால் வண்ணம் உரிந்த இடத்தையும் ஏராவின் (படகின் நடு அடிமரம்) அடியையும் கம்பியால் குத்திப் பாருங்கள்.

மரத்தை அழுக வைப்பது கடல்நீரைவிட மழைநீர்தான். படகுக்குள் தேங்கும் மழைநீரை அன்றன்றே இறைத்துவிட்டு, அடித்தட்டுப் பலகைகளைத் தூக்கிக் காற்றோட விடுங்கள். அழுகல் பெரும்பாலும் வங்கின் அடியில், காற்றுப் படாத மூலையில்தான் தொடங்கும்.