பழைய செவர்லேக்கு மாற்று என்ஜின்: 216, 235, 261 - எதை இறக்கலாம்?

1937 முதல் 1952 வரை வந்த செவர்லே கார்களில், ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகள் சிலவற்றைத் தவிர, எல்லாவற்றிலும் 216 கன அங்குல ஆறு சிலிண்டர் என்ஜின்தான். மதுரை, காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கார்ஷெட்டில் துணி போர்த்தி நிற்கிற வண்டிகளிலும் இதுவே. இதைச் சரிசெய்வதா, 235 தேடி இறக்குவதா என்பதுதான் வண்டி வைத்திருப்பவர்கள் எப்போதும் கேட்கிற கேள்வி. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கல்யாண ஊர்வலத்துக்கும் கண்காட்சிக்கும் பக்கத்து ஊருக்கும் போகிற வண்டி என்றால் 216-ஐயே கட்டுங்கள். நான்குவழிச் சாலையில் திருச்சி வரை ஓட்டவும் வத்தலகுண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறவும் ஆசை இருந்தால் 1954 முதல் வந்த 235. மற்றதெல்லாம் இரண்டாம்பட்சம்.

216 மோசமான என்ஜின் இல்லை. சிலிண்டரின் விட்டமான போர் 3.5 அங்குலம், பிஸ்டன் ஓடும் தூரமான ஸ்ட்ரோக் 3.75 அங்குலம், ஆண்டைப் பொறுத்து 85 முதல் 92 வரை குதிரைத்திறன். டாப் கியரில் மாட்டுவண்டிக்குப் பின்னால் ஊர்ந்துவிட்டு அப்படியே வேகமெடுக்கும். அதன் குறை எண்ணெய் போகிற வழியில் இருக்கிறது. மெயின் பேரிங்குக்கும் கேம் ஷாஃப்டுக்கும் பம்ப் எண்ணெய் தள்ளும். பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற கனெக்டிங் ராடுக்குத் தள்ளாது. ராடு கேப்பின் அடியில் சின்னக் கரண்டி ஒன்று இருக்கும். வேகம் குறைவாக இருக்கும்போது அது சம்ப்பில் (என்ஜினுக்கு அடியில் உள்ள எண்ணெய்த் தட்டு) உள்ள தொட்டியிலிருந்து எண்ணெயை அள்ளிக்கொள்ளும். வேகம் கூடினால், சம்ப்பில் இருக்கும் நாசில் பீய்ச்சுகிற எண்ணெயைக் கரண்டி வாங்கிக்கொள்ளும். ராடு பேரிங் கழற்றி மாற்றக்கூடிய தனி ஷெல் அல்ல, ராடிலேயே உருக்கி ஊற்றிய ஒயிட் மெட்டல் என்கிற மென்மையான உலோகக் கலவை.

பின் ஆக்சில் விகிதம் பெரும்பாலும் 4.11, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற புரொப்பெல்லர் ஷாஃப்ட் 4.11 சுற்று சுற்றும். ஆகவே 80 கிலோமீட்டர் வேகத்தில் என்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 2,500 சுற்று சுற்றும், 100-இல் மூவாயிரத்தைத் தாண்டும். அந்த நிலையில் அரை மணி நேரம் விடாமல் ஓட்டினால் ஒயிட் மெட்டல் தாங்காது. 65, 70-இல் போனால் காலம் முழுக்க உழைக்கும்.

216-ஐக் கட்டும்போது தவறு நடக்கிற இடங்கள் நான்கைந்துதான், ஆனால் ஒவ்வொன்றும் ராடைக் காவு வாங்கும். கரண்டியின் வாய் கேம் ஷாஃப்ட் பக்கம் பார்த்திருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் எண்ணெயை அள்ளாது, ஒதுக்கித் தள்ளும். வண்டி ஊர் எல்லை தாண்டும் முன்பே தட்டல் சத்தம் வரும். அடுத்து சம்ப். ஜாக்கியைச் சம்ப்பின் அடியில் கொடுத்துத் தூக்குவது இங்கே கை வந்த பழக்கம். அந்த நசுங்கலில் தொட்டி வளையும், நாசிலின் குறி தப்பும். மேலே எல்லாம் புதிதாகக் கட்டியும் பேரிங் போகிறதென்றால் முதலில் சம்ப்பைக் கழற்றிச் சமதளத்தில் வைத்துப் பாருங்கள். ராடு கேப்புக்கு நடுவே மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். தேய்மானத்துக்கு இருபக்கமும் சமமாக எடுத்து இறுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எடுப்பதும், தகடு தீர்ந்ததும் கேப்பை அரம் போட்டுத் தேய்ப்பதும் ராடைக் கெடுக்கும் வேலை. 'பழைய என்ஜின், கெட்டியா ஊத்துங்க' என்கிற யோசனையைக் கேட்காதீர்கள். கெட்டி எண்ணெய் குளிர்ந்த நிலையில் நாசிலில் சரியாகப் பீறிடாது.

பெரிய சிக்கல், ஒயிட் மெட்டல் ஊற்றுவது. கிராங்க் கிரைண்டிங், போரிங், ஸ்லீவ் போடுவது எல்லாம் மதுரையிலேயே நடக்கும். ஆனால் ராடில் ஈயம் பூசி, ஒயிட் மெட்டல் ஊற்றி, கிராங்க் அளவுக்குக் கடைந்து தருகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அப்படி ஒரு பட்டறையை உறுதி செய்துகொள்ளாமல் என்ஜினைப் பிரிக்காதீர்கள். ஊற்றிய ராடை நூலில் தொங்கவிட்டு லேசாகத் தட்டுங்கள். மணி போல ஒலித்தால் மெட்டல் ஒட்டியிருக்கிறது. மந்தமாகக் கேட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இனி 235. போர் 3 9/16, ஸ்ட்ரோக் 3 15/16 அங்குலம். இருபது கன அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவான வித்தியாசம்தான், ஆனால் மலை ஏறும்போது காலடியிலேயே தெரியும். ஆனாலும் 235 என்று சொல்லி விற்கிற எல்லாமே ஒன்றல்ல. 1950-52 ஆட்டோமேட்டிக் கார்களில் வந்தது, அளவில் பெரிதாக இருந்தாலும், எண்ணெய் விஷயத்தில் 216-இன் அண்ணன்தான். அதே கரண்டி, அதே ஒயிட் மெட்டல். அதற்குப் பணம் கொடுத்தால் அதே தொல்லையைப் பெரிய சைஸில் வாங்கியதாக அர்த்தம். 1953-இல் ஆட்டோமேட்டிக் வண்டிகளுக்கு மட்டும் ராடு வரைக்கும் பிரஷர் எண்ணெய், ஷெல் பேரிங், அலுமினியப் பிஸ்டன் வந்தது. 1954-இலிருந்து எல்லாக் கார்களுக்கும். 1962 வரை செய்தார்கள். நமக்கு வேண்டியது இதுதான். தேய்த்த கிராங்குக்கு ஏற்ப அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து, இருபது, முப்பது பங்கு அண்டர் சைஸில் ஷெல் வரவழைக்கலாம். கிராங்கைத் தேய்த்து ஷெல் போட்டு மூடலாம், ஒயிட் மெட்டல் ஆளைத் தேட வேண்டியதில்லை.

அடையாளம் காண முதலில் என்ஜினின் உச்சியை மூடும் ராக்கர் கவரைப் பாருங்கள். உச்சியில் நடுவில் இரண்டு நட்டு இருந்தால் பழைய வகை. ஓரத்தில் நான்கு ஸ்க்ரூ இருந்தால் பிந்தையது. புஷ் ராடு பக்கத் தகடு 216-இல் ஹெட் வரை உயர்ந்திருக்கும், பிந்தைய 235-இல் பிளாக்கோடு நின்றுவிடும். ஆனால் கவரும் தகடும் கை மாறக்கூடியவை. விற்கிறவர் ஒன்றை மற்றொன்றில் மாட்டியிருக்கலாம். சம்ப்பைக் கழற்றிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். ராடு கேப்பில் கரண்டி இருந்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். சம்ப் கழன்ற கையோடு தண்ணீர் ஜாக்கெட்டின் பிளக்குகளையும் பாருங்கள். நம் பக்கத்து போர்வெல் தண்ணீரின் உப்பு பிளாக்குக்குள் சுண்ணாம்பாகப் படிந்து, கடைசி சிலிண்டர்கள் பக்கம் வழியையே அடைத்திருக்கும். ஹெட்டை வால்வு சீட்டுகளுக்கு நடுவே விரிசல் இருக்கிறதா என்று பிரஷர் டெஸ்ட் செய்யாமல் வாங்கவே கூடாது.

பொருத்துவதில் 1954 என்ஜின் கிடைத்தவர் பாக்கியசாலி. என்ஜினைச் சேஸிஸில் தாங்குகிற முன் மவுண்ட் பழைய வண்டியோடு ஒத்துப்போகும். 1955-க்குப் பிந்தையது என்றால் வேலை கூடும். முன் பிளேட்டைப் பழைய என்ஜினிலிருந்து எடுத்து மாற்ற வேண்டும். அந்தப் பிளேட் கேம் கியருக்குப் பின்னால் இருக்கிறது, கியரோ ஷாஃப்டில் பிரஸ் செய்தது. எனவே கேம் ஷாஃப்டையே உருவ வேண்டும். கியரின் துளை வழியாகத் தெரிகிற இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினால் வந்துவிடும், சுத்தியல் தேவையில்லை. வாட்டர் பம்ப் அடுத்த தலைவலி. புதிய பம்பில் விசிறி மேலே ஏறி நிற்கும். பழைய பம்பை இடைத்தகடு போட்டு மாட்டினால் விசிறி ரேடியேட்டரின் நடுவுக்கு வரும்.

கியர்பாக்ஸை மாற்ற நினைக்காதீர்கள். 1954 வரை செவர்லேயில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் குழாய்க்குள் மூடியபடி ஓடும், பின் ஆக்சிலின் தள்ளுவிசையை அந்தக் குழாய்தான் தாங்கும். 1955-இலிருந்து திறந்த ஷாஃப்ட். எனவே உங்கள் வண்டியின் பெல் ஹவுசிங் (என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே உள்ள உறை), ஃப்ளைவீல், ஸ்டார்ட்டர் மூன்றையும் ஒரே செட்டாக வைத்துக்கொண்டு புதிய பிளாக்கில் மாட்டுங்கள். 6 வோல்ட் கால ஃப்ளைவீலுக்கு 139 பல், பிந்தைய 12 வோல்டுக்கு 168. கலந்து மாட்டினால் ஸ்டார்ட்டர் பல்லை அரைத்துத் தள்ளும். கிராங்கின் டவல் பின்னும் ஃப்ளைவீல் துளையும் ஒரே அளவுதானா என்று கையால் உட்கார வைத்துப் பார்த்த பிறகே போல்ட் இறுக்க வேண்டும்.

டேஷ்போர்டில் உள்ள எண்ணெய் கேஜையும் மாற்ற வேண்டும். பழையது சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அழுத்தம் வரைதான் காட்டும். பிரஷர் என்ஜினில் முள் எல்லையில் போய் முட்டும், கேஜ் பாழாகும். 60 பவுண்டு கேஜ் போடுங்கள். கூடவே, E20 பெட்ரோலைத் தாங்குகிற டயாஃப்ரமை ஃப்யூவல் பம்பில் போட்டுவிடுங்கள்.

261 லாரி என்ஜின், போர் 3.75 அங்குலம். இழுவையில் இதற்கு இணை இல்லை. ஆனால் நம் பக்கம் கிடைப்பதே அரிது, கிடைத்ததெல்லாம் லாரியில் அடித்துத் துவைத்ததாக இருக்கும். 1963-க்குப் பிந்தைய 230, 250 என்ஜின்கள் ஏழு மெயின் பேரிங்கோடு நல்லவைதான். ஆனால் மவுண்ட் முதல் எல்லாமே வேறு குடும்பம். வெல்டிங் வேலைக்கு ஆசைப்படுகிறவர்களுக்கு விட்டுவிடலாம். டீசல் என்ஜினை இறக்கிய கார்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. முன் ஸ்பிரிங் படுத்திருக்கும், பாடி நட்டெல்லாம் ஆடும்.

பிளைமவுத், டாட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு அவஸ்தை கிடையாது. அவற்றின் பக்கவால்வு ஆறு சிலிண்டரில் ஆரம்பம் முதலே ஷெல் பேரிங், பிரஷர் எண்ணெய். மாற்று என்ஜின் பார்க்கும்போது டேப் எடுத்து ஹெட்டின் நீளத்தை அளந்து பாருங்கள். அமெரிக்க பிளைமவுத், டாட்ஜ் என்றால் 23 அங்குலம். கிரைஸ்லர், டிசோட்டோ, கனடாவில் செய்த பிளைமவுத் என்றால் 25. இரண்டு அங்குலம் கூடினால் ரேடியேட்டரில் இடிக்கும். பிளாக்குக்குள் முன்னிருந்து பின்வரை ஓடும் தண்ணீர் பங்கீட்டுக் குழாயைப் பம்பைக் கழற்றி உருவிப் பாருங்கள். துருப்பிடித்துப் பின்பாதி இல்லாமல் இருந்தால் ஆறாவது சிலிண்டர் வெந்துபோயிருக்கும்.

கடைசியாகக் காகிதம். என்ஜின் மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், ஆர்.சி.யில் புதிய எண் ஏற வேண்டும். 235-ஐ வாங்கும்போதே அதன் எண் தெளிவாகத் தெரிகிற படமும், விற்றவர் கையெழுத்திட்ட ரசீதும் வாங்கிக்கொள்ளுங்கள். 2021-இல் வந்த விதிப்படி 50 ஆண்டு தாண்டிய வண்டிக்கு 'VA' வரிசை எண் வாங்கலாம். ஆனால் என்ஜின், சேஸிஸ், பாடி ஆகியவை தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து அடிப்படையில் மாறியிருக்கக் கூடாது. அந்த எண்ணுக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்றால் 235-ஐ இறக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். கழற்றிய 216-ஐ எடைக்குப் போடாமல் சிலிண்டருக்குள் எண்ணெய் ஊற்றி, பிளக் துளைகளை மூடி, மரச்சட்டத்தில் நிறுத்தி வையுங்கள். வண்டியை விற்கும் நாளில் வாங்குகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.