லாச்சியில் கிடந்த எட்டு போன்களும் மாங்குளம் சந்தியும்

நேற்று கிளிநொச்சியிலிருந்து மச்சான் எடுத்துக் கேட்டான்: "நீ அந்த வட்ஸ்அப் ஏலத்தில போன் விக்கிறனியெல்லோ, என்னட்டையும் ரெண்டு சும்மா கிடக்கு, போடட்டோ?" ஓம் என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் போன கிழமை மாங்குளம் சந்தியில் நடந்தது இன்னும் வயிற்றுக்குள் எரிந்துகொண்டிருப்பதால் விரிவாகவே எழுதுகிறேன், அவன் வாசிக்கட்டும்.

2022 இலிருந்து எட்டு போன் விற்றிருக்கிறேன். எல்லாம் எங்கள் வீட்டு மேசை லாச்சியில் கிடந்தவை. நான் வியாபாரி இல்லை. ஆவணி விடுமுறைக்கு வந்த சுவிஸ் சித்தப்பா ஒன்று, வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வந்த கனடா மாமி ஒன்று என்று தங்கள் பழையதை "நல்ல போன், வைச்சிரு" என்று தந்துவிட்டுப் போவார்கள். கையில் ஏற்கனவே ஒன்று இருக்கும், யாருக்காவது கொடுத்தால் மாமி கோபிப்பா, அதனால் லாச்சி. இரண்டு வருடம் கழித்துத் திறந்தால் பற்றரி வீங்கிப் பின்மூடி எழும்பி நிற்கும். அப்படி ஒன்று இப்பவும் இருக்கிறது. விற்கவும் ஏலாது, எரிக்கவும் பயம். நீங்களும் அடுக்கி வைத்திருந்தால் அரைவாசிச் சார்ஜில் நிறுத்தி வையுங்கள். முழுக்க ஏற்றியோ முழுக்க இறக்கியோ வைத்தால் பற்றரி கெதியில் போய்விடும்.

ஏலம் எப்படி நடக்கும் என்று தெரியாதவர்கள் இப்போது குறைவு. வட்ஸ்அப்பில் படம் போட்டு ஆரம்ப விலை சொல்வோம், 500 ரூபாய்ப் படியாக ஏற வேண்டும், இரவு 9 மணிக்கு யார் மேலே நிற்கிறாரோ அவருக்கு. எழுத்தில்லை, முற்பணம் இல்லை, வாய்ச்சொல்தான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபத்தில் மறந்துவிடுவேன். விலை உண்மையிலேயே நன்றாக வருகிறது. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமாகி, அதுவரை விலக்கில் இருந்த போனும் அதற்குள் வந்த பிறகு புதுசு வாங்க வழியில்லாதவர்கள் எல்லோரும் பழசைத்தான் தேடுகிறார்கள். கடைசியாக விற்ற சாம்சுங் போனுக்குக் கடையில் 24,000 தருகிறேன் என்றார்கள், அதுவும் முகத்தைச் சுளித்துக்கொண்டு. ஏலத்தில் அது 38,500 இல் போய் நின்றது. அந்தக் கடைசிப் பத்து நிமிடம் இருக்கிறதே, விசுவமடுவிலிருந்து ஒருவர், செட்டிகுளத்திலிருந்து ஒருவர், நடுவில் யாரோ ஒரு பெடியன் 500, 500 என்று ஏற்றிக்கொண்டே வருவான், அம்மாவும் சீரியலை விட்டுவிட்டு என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்ப்பா. கோயிலில் மாம்பழத்தை ஏலம் விடும்போது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு ஏற்றுவார்களே, அதே சூடு. இதற்காகவே இன்னொரு போன் விற்கலாம் என்று தோன்றும்.

ஆனால் கோயில் ஏலத்தில் கேட்டவர் சாமிக்குப் பயந்து காசைக் கட்டுவார். முல்லைத்தீவுக் கரையில் மீனை ஏலம் கூறும்போது விலை விழுந்த கையோடு கூடை எழும்பிவிடும், யோசித்துக்கொண்டு நின்றால் மீன் நாறிவிடும். போனுக்கு இரண்டும் இல்லை. சாமியும் இல்லை, நாற்றமும் இல்லை. வென்றவர் இரவு முழுக்கப் படுத்துக்கொண்டு யோசிப்பார். அங்கேதான் சிக்கலே.

எட்டில் ஒன்றுதான் சொன்ன விலைக்கு அப்படியே போனது. வவுனியாவில் வேலை செய்கிற ஒரு தங்கச்சி, போனைக் கண்ணால் காண முதலே வங்கி மெஷினில் முழுக்காசையும் போட்டுவிட்டு, "அண்ணா, பஸ்ஸில குடுத்து விடுங்கோ" என்றா. இன்றைக்கும் நினைத்தால் சந்தோஷம்தான். இரண்டில் வென்றவர்கள் காணாமல் போய்விட்டார்கள். இரண்டாவதாக நின்றவரிடம் போய் நான் கெஞ்சினேன். மிச்சம் ஐந்திலும் போனைக் கொடுக்கப் போன சந்தியில் வைத்து இரண்டாவது ஏலம். இது இறங்கு ஏலம்.

போன கிழமை ஒட்டுசுட்டானிலிருந்து இருவர் மோட்டார்சைக்கிளில் வந்தார்கள், அந்த 38,500 போனுக்கு. ஏ9 வீதி ஓரத்தில் வெயில். ஏலத்தில் வென்றவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், சிம் போட்டார், மனைவிக்கு எடுத்து "கேக்குதோ, கேக்குதோ" என்றார், கேட்டது. கமராவைத் திறந்து கூட வந்தவரைப் படம் பிடித்தார். பிறகு சார்ஜர் குத்துகிற ஓட்டைக்குப் பக்கத்தில் நகத்தளவு கீறல் ஒன்றைக் கண்டுபிடித்தார். அந்தக் கீறலை நானே கிட்டத்தில் வைத்துப் படம் எடுத்து, வட்டம் போட்டு, ஏலத்துக்கு முதலே அனுப்பியிருந்தேன். "படத்தில இவ்வளவு தெரியேல்லை அண்ணை" என்றார். சரி என்று நான் வாய் திறக்க முதல் சட்டைப்பையிலிருந்து றப்பர்பான்ட் போட்ட காசுக்கட்டு வந்தது. எண்ணினேன், 35,000. அதாவது வீட்டிலேயே எண்ணிக் கட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறார். கீறலைப் பிறகு தேடியிருக்கிறார், அவ்வளவுதான்.

தரமாட்டேன் என்று போனை வாங்கிப் பையில் வைத்தேன். அப்போது கூட வந்தவர், "அண்ணை நீங்கள் மல்லாவி மாஸ்ரரின்ர மருமகன் எல்லோ? எங்கட பெரியம்மா அவைக்குப் பக்கத்து வீடு" என்றார். முடிந்தது கதை. வன்னியில் முன்பின் தெரியாத ஆளுக்கு எதையும் விற்க முடியாது, ஐந்து நிமிடம் கதைத்தால் எப்படியாவது ஒரு பெரியம்மா வந்துவிடுவா, பெரியம்மா வந்த பிறகு 3,500 ரூபாய்க்குச் சண்டை பிடித்தால் அது மாஸ்ரர் வீடு வரைக்கும் போகும். 36,000 க்குக் கொடுத்தேன். கூடுதலாகத் தந்த ஆயிரத்தையும் ஏதோ தர்மம் செய்வது போல நீட்டினார்.

கடையை விட 12,000 கூடத்தானே என்று என் மனுசி சொல்கிறா. கணக்குச் சரி. ஆனால் 2,500 ரூபாயை யாரோ என் பையிலிருந்து எடுத்தது போலத்தான் இருக்கிறது. கடைக்காரர் 24,000 என்று முகத்துக்கு நேரே சொன்னபோது இந்த எரிச்சல் வரவில்லை.

நேரப் பிரச்சினையும் ஒன்று. மல்லாவிப் பக்கம் உள்ளுக்குள் போனால் வேப்பமரத்தடியில் நின்றால்தான் கவரேஜ் என்ற வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஒரு முறை ஒருவர் கேட்ட விலை அவருடைய போனில் 8.59, என்னுடையதில் 9.02. இருவரும் ஸ்கிரீன்ஷொட் அனுப்பினோம், இருவர் சொன்னதும் உண்மை. அவர் அனுப்பியபோது வெளியே போகாமல் நின்று, கவரேஜ் வந்ததும் போயிருக்கிறது. அந்த ஏலத்தைக் கலைத்துவிட்டு அடுத்த நாள் திரும்பப் போட்டேன், 2,000 ரூபாய் குறைவாகத்தான் போனது.

மச்சான் கவனிக்க வேண்டியது வேறு. அவனிடம் கிடக்கும் இரண்டில் ஒன்று பெட்டி பிரிக்காதது என்று நினைக்கிறேன். பிரிக்காத போனுக்குக் கூட விலை வரும் என்று நானும் அப்படித்தான் நம்பி லண்டன் போன் ஒன்றைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். 2025 ஜனவரி 28 இலிருந்து தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதியாத போன் புதிதாக வந்தால் இங்கத்தை சிம்முக்கு வேலை செய்யாது என்று வந்துவிட்டது, அதற்கு முதலே இங்கே சிம் போட்டுப் பாவித்தவற்றுக்குப் பிரச்சினை இல்லை. ஆங்கிலத்தில் IMEI என்று அடித்து, இடம் விட்டு, பெட்டியில் உள்ள 15 இலக்க அடையாள எண்ணை 1909 க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் பதில் வரும். எனக்கு வந்தது, பதிவில்லை என்று. தம்பி 2023 இலிருந்து போட்டு உடைத்துக்கொண்டு திரிந்த அதே மொடல் போன், மூலையில் வெடிப்போடு, என்னுடைய புதுசை விடக் கூடிய விலைக்குப் போனது. வந்த அன்றைக்கே ஒரு சிம்மைப் போட்டு ஒரு கோல் எடுத்திருந்தால் போதும்.

மற்றது கூகுள் கணக்கு. செற்றிங்ஸுக்குள் போய்க் கணக்கை எடுத்துவிட்டுத்தான் போனை அழிக்க வேண்டும். போனின் ஓரத்துப் பட்டன்களை அமத்தி அழித்தால் வாங்கியவர் திறக்கும்போது பழைய ஆளின் கணக்கையே கேட்டுக்கொண்டு நிற்கும். சுவிஸ் சித்தப்பாவின் போனில் அதுதான் நடந்தது. வாங்கியவர் புதுக்குடியிருப்பிலிருந்து காலை ஏழு மணிக்கு எடுத்துப் பேசுகிறார், சித்தப்பாவுக்கோ அங்கே விடியப்புறம் மூன்றரை, அவருக்குப் பாஸ்வேர்ட் ஞாபகமும் இல்லை. ஐபோன் என்றால் தேடும் வசதியை நிறுத்தாமல் கொடுக்கவே வேண்டாம். இதில் பிழை எங்கள் பக்கம்தான், ஏலத்தைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆக மச்சான், விலை வேண்டுமென்றால் ஏலம்தான், அதில் மறுப்பில்லை. ஆனால் என்னைக் கேட்டால் கடையில் கொடு. கொடுத்துவிட்டு அந்தக் காசில் ஒரு சோடா குடித்துவிட்டு வீட்டுக்குப் போ. இல்லை, போடத்தான் போகிறாய் என்றால் சந்திக்குத் தனியாகப் போ, மாமாவைக் கூட்டிக்கொண்டு போகாதே, அவருக்கு எல்லாருடைய பெரியம்மாவையும் தெரியும்.