கேம் கியரில் சோனிக் 2: முன்வழி தெரியாத ஓட்டம்

சோனிக் என்ற நீல முள்ளெலி ஓடும் வீடியோ விளையாட்டின் இரண்டாம் பாகத்தை, சேகா நிறுவனத்தின் கையடக்கக் கருவியான கேம் கியரிலும், தொலைக்காட்சியோடு இணைக்கும் மாஸ்டர் சிஸ்டத்திலும் பல வருடங்களாக மாறி மாறி விளையாடி வருகிறேன். கேம் கியர் என் பையிலேயே இருக்கும். மாஸ்டர் சிஸ்டம் வெள்ளவத்தையில் அண்ணா வீட்டில் இருக்கிறது. இரண்டிலும் 1992இல் வந்த அதே விளையாட்டுத்தான் (சேகாவின் இன்னொரு கருவியான மெகா டிரைவில் இதே பெயரில் வந்தது முற்றிலும் வேறு). ஆனாலும் கையடக்கப் பதிப்பின் மீது எனக்குள்ள மனத்தாங்கல் இன்னும் ஆறவில்லை.

கருவிக்கு வலு போதாது என்று சொல்ல முடியாது. இரண்டிலும் மூளையாக இயங்குவது இசட் 80 என்ற அதே சில்லுத்தான். நிறத்தில் கேம் கியர் ஒருபடி மேல்: மாஸ்டர் சிஸ்டத்துக்கு 64 நிறங்கள், இதற்கு 4096. இயர்போன் மாட்டினால் ஸ்டீரியோ ஒலியும் கேட்கும். திரைதான் கெடுக்கிறது. அங்கே 256க்கு 192 புள்ளிகள். இங்கே 160க்கு 144. பரப்பில் பாதிகூட இல்லை. அதற்கேற்ப மட்டங்களையும் மாற்றவில்லை, சோனிக்கின் உருவத்தையும் சிறிதாக்கவில்லை. நான்கு பக்கமும் வெட்டியெடுத்து, மிஞ்சியதைத் தந்துவிட்டார்கள். வேகமே உயிரான விளையாட்டில் எதிரே வருவது தெரியாவிட்டால் எப்படி ஓடுவது?

விளையாட்டு பல வலயங்களாகவும், ஒவ்வொரு வலயமும் சில கட்டங்களாகவும் பிரிந்திருக்கும். முதல் வலயத்தின் இறுதிச் சண்டையிலேயே இது உறைத்துவிடும். சரிவின் அடியில் இடுக்கி விரித்தபடி ஓர் இயந்திரம் நிற்கும். சரிவு சோனிக்கை அதன் வாய்க்குள் இழுக்கும். மேலிருந்து குண்டுகள் துள்ளித் துள்ளி வரும். அவற்றுக்கு விலகி நின்றால் அவை இயந்திரத்தில் மோதி அதை உடைக்கும். தொலைக்காட்சியில் குண்டு தூரத்தில் வரும்போதே அதன் துள்ளலை அளந்து நகரலாம். கையில் வைத்து ஆடும்போது, குண்டு கண்ணில் படுவதும் தலையில் விழுவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடக்கும். இந்தக் கட்டத்தில், அடிபட்டாலும் உயிரைக் காக்கும் வளையங்களும் கிடையாது. ஒரு அடியோடு உயிர் போய்விடும். அடுத்த வலயத்தில் கிளைடரில் பறக்கும்போது கீழே தரை இருக்கிறதா, பள்ளமா என்பதுகூடத் தெரியாது.

இதைச் சரிசெய்ய வழியே இல்லை என்றால் பொறுத்துக்கொள்வேன். வழி இருந்தது. 1991இல் வந்த முதல் பாகத்தில், காட்டு வலயத்தின் இரண்டாம் கட்டம் மேல்நோக்கி ஏறுவது. மாஸ்டர் சிஸ்டத்தில் கால் தவறினால் திரை கீழே இறங்காது, உயிர் போகும். கேம் கியரில் திரையும் கூடவே இறங்கி நம்மைக் காப்பாற்றும். சின்னத் திரைக்காக யோசித்துச் செய்த வேலை அது. அந்த அக்கறை இரண்டாம் பாகத்துக்கு ஏன் கிடைக்கவில்லை?

கோட்டையிலிருந்து தெஹிவளைக்கு மாலை ரயிலில் போகும்போது இன்னொரு தொல்லை. கடல் பக்க ஜன்னலில் வெயில் அடித்தால் திரை வெளிறிவிடும். வேகமாக ஓடும்போது உருவங்கள் இழுபட்டு மங்கும். ஆறு பற்றரிகளும் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பழைய கேம் கியர் வாங்குகிறவர்கள் உள்ளேயுள்ள கொள்ளளவிகள் (மின்னேற்றத்தைச் சேமிக்கும் சிறு பாகங்கள்) மாற்றப்பட்டனவா என்று கேட்டே வாங்குங்கள். வயதானால் அவை கசிந்து, ஒலியும் படமும் மங்கும்.

அண்ணாவின் மகன் கேம் கியரைக் கேட்டால் முதல் பாகத்தைப் போட்டுத்தான் கொடுக்கிறேன். இரண்டாம் பாகத்தை அவன் பெரிய திரையில்தான் பழக வேண்டும்.