மௌனம் சம்மதமா, மறுப்பா? டாவோவை நடத்த மூன்று வழிகள்

டாவோ என்றால், பிளாக்செயின் என்ற பொதுக் கணக்கேட்டில் பணத்தை வைத்து, டோக்கன் என்ற டிஜிட்டல் வாக்குரிமையைக் கொண்டு உறுப்பினர்கள் சேர்ந்து நடத்தும் இணைய அமைப்பு. எங்கள் டாவோ சின்னது. திறமூல மென்பொருள் எழுதுபவர்களுக்குச் சிறு நிதியுதவி கொடுக்கச் சில நூறு பேர் சேர்ந்து நடத்துவது. தொடக்கத்தில் எல்லா முடிவுகளையும் டோக்கன் வைத்திருப்பவர்கள் நேரடியாக வாக்களித்தே எடுத்தோம். அப்புறம் வாக்கைப் பிரதிநிதிகளிடம் ஒப்படைக்கும் முறைக்குப் போனோம். இப்போது மூன்றாவது ஏற்பாட்டில் இருக்கிறோம்: தேர்ந்தெடுத்த ஒரு குழு முடிவெடுக்கும், மற்றவர்களுக்குப் பிடிக்காவிட்டால் அது நிறைவேறுவதற்குள் தடுக்கலாம். மூன்றிலும் இருந்து பார்த்துவிட்டேன். என் சாய்வு மூன்றாவதன் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லாருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் கடந்துவிடலாம். கணக்கு வெளிப்படையாக இருக்கும், யாரும் சரிபார்க்கலாம் என்பது மூன்றுக்கும் பொது. வாக்களிக்கக் கட்டணம் என்ற தொல்லையையும், பிளாக்செயினுக்கு வெளியே வாக்கெடுக்கும் ஸ்னாப்ஷாட் போன்ற வசதிகள் தீர்த்துவிட்டன. பணம் உள்ளவர் கை ஓங்கும் என்ற குறையும் மூன்றுக்கும் பொதுவானதே. பத்துப் பெரிய டாவோக்களை ஆராய்ந்த செயினாலிசிஸ் நிறுவனம், டோக்கன் வைத்திருப்போரில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானவர்களிடம் 90 சதவீத வாக்கு இருப்பதாக 2022-இல் சொன்னது. டோக்கனை அடிப்படையாக வைத்துக்கொண்டு மேலே எந்த அமைப்பைக் கட்டினாலும் இந்தச் சிக்கல் கூடவே வரும்.

நான் பார்க்கும் வேறுபாடு ஒன்றுதான். ஓர் உறுப்பினர் எதுவும் செய்யாமல் இருந்தால் அந்த மௌனத்தை அமைப்பு எப்படி எடுத்துக்கொள்கிறது? எந்த டாவோவிலும் பெரும்பாலானோர் பெரும்பாலான நாட்களில் எதுவும் செய்வதில்லை. அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. இதைக் குறையாகப் பார்க்காமல், மழை வெயில் போல எப்போதும் இருக்கப்போகிற ஒன்று என்று வைத்துக்கொண்டுதான் விதிகளை எழுத வேண்டும்.

நேரடி வாக்கெடுப்பில் மௌனம் என்றால் மறுப்பு. கோரம், அதாவது முடிவு செல்லத் தேவையான குறைந்தபட்ச வாக்கு, நிறையாவிட்டால் முன்மொழிவு விழுந்துவிடும். யூனிஸ்வாப் என்ற டோக்கன் பரிமாற்றத் தளத்தில் கோரம் 4 கோடி யூனி டோக்கன். அத்தனை ஆதரவு சேராவிட்டால், எதிர்ப்பவர் ஒருவர்கூட இல்லையென்றாலும் முன்மொழிவு தோற்கும். எங்களுக்கும் அதுதான் நடந்தது. நல்ல விண்ணப்பங்கள் ஆள் வராமலே விழுந்தன. வெறுத்துப்போய்க் கோரத்தைக் குறைத்தோம். அடுத்த மாதமே நாலைந்து வாலட்டுகள் (டோக்கன் வைத்திருக்கும் கணக்குகள்) சேர்ந்து, எங்களில் பலருக்குச் சம்மதமில்லாத ஒரு செலவை நிறைவேற்றிவிட்டன. விதிப்படி அதில் தவறே இல்லை. கோரத்தை உயர்த்தினால் வேலை நின்றுபோகிறது, தாழ்த்தினால் கதவு திறந்துவிடுகிறது. நடுவில் சரியான எண் ஒன்று இருக்கும் என்று மாதக்கணக்கில் தேடினோம், கிடைக்கவில்லை.

இது சின்ன டாவோக்களின் சிக்கல் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2024 ஜூலையில் காம்பவுண்ட் என்ற கிரிப்டோ கடன் தளத்தின் கருவூலத்திலிருந்து 4,99,000 காம்ப் டோக்கனை, அன்றைய மதிப்பில் சுமார் 2.4 கோடி டாலரை, ஒரு தரப்பு வடிவமைத்த திட்டத்துக்கு அனுப்பும் முன்மொழிவு 6,82,191 வாக்குக்கு 6,33,636 என்ற கணக்கில் வென்றது. வாக்கெடுப்பு முடிந்தது வார இறுதியில். பிறகு பேச்சு நடந்து அந்தத் தரப்பே பின்வாங்கியது. வென்ற முடிவு உடனே நிறைவேறாமல் காத்திருக்க வைக்கும் டைம்லாக் அங்கே இருந்ததால்தான் பேசவே இடம் கிடைத்தது என்பது என் கணிப்பு. 2022 ஏப்ரலில் பீன்ஸ்டாக் என்ற கிரிப்டோ திட்டத்தில், வாக்கு வென்ற பிறகு காத்திருக்கும் அந்த இடம் இல்லை. தாக்கியவர் முந்தைய நாளே முன்மொழிவைப் பதிவுசெய்துவிட்டு, மறுநாள் ஃப்ளாஷ் லோன் (ஈடில்லாமல் வாங்கி அதே பரிவர்த்தனையில் திருப்பித் தரும் கடன்) எடுத்து மூன்றில் இரண்டு பங்கு வாக்கைக் கைப்பற்றி, அதே பரிவர்த்தனையில் நிறைவேற்றவும் செய்தார். சுமார் 18.2 கோடி டாலர் இழப்பு. தாக்குதலுக்கு முன் ஒரு நாள் அவகாசம் இருந்தது. அதைப் பயன்படுத்தித் தடுக்கும் வேலை யாரிடமும் ஒப்படைக்கப்பட்டிருக்கவில்லை.

பிரதிநிதி முறையில் மௌனத்தின் பொருள் மாறுகிறது. நான் பேசாவிட்டால் என் பெயரில் இன்னொருவர் பேசுவார். முதல் மூன்று மாதம் அருமையாக இருந்தது. படித்துப் பார்த்து, காரணம் எழுதி வாக்களிக்கும் ஏழெட்டுப் பேர் கிடைத்தார்கள், கோரமும் நிறைந்தது. ஆனால் வாக்கை ஒப்படைத்தவர்கள் மறுபடி அந்தப் பக்கம் திரும்பவில்லை. எங்கள் பிரதிநிதிகளில் இரண்டு பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களிடம் கொடுத்த வாக்கு மட்டும் அவர்கள் பெயரிலேயே தூங்கியது. ஊதியம் கொடுத்தால் நிலைப்பார்கள் என்று பெரிய டாவோக்கள் கொடுத்துப் பார்க்கின்றன. எங்களிடம் அதற்குப் பணம் இல்லை, ஆகவே ஊதியம் பெறும் பிரதிநிதிகளைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இப்போதைய ஏற்பாட்டுக்கு வருகிறேன். ஏழு பேர் கொண்ட குழு, அதில் நாலு பேர் கையெழுத்திட்டால் மல்டிசிக்கிலிருந்து (பலர் கையெழுத்திட்டால் மட்டும் பணம் தரும் கணக்கிலிருந்து) செலவு உத்தரவு கிளம்பும். ஆனால் பணம் உடனே போகாது, டைம்லாக்கில் ஏழு நாள் காத்திருக்கும். அதற்குள் மொத்த டோக்கனில் 5 சதவீதம் எதிர்ப்பைப் பதிவுசெய்தால் உத்தரவு நின்று, முழு வாக்கெடுப்புக்குப் போகும். கருவூலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட செலவு, ஸ்மார்ட் கான்ட்ராக்ட் (விதிகளைத் தானாக நிறைவேற்றும் நிரல்) மாற்றம், குழுவின் தேர்தல் விதி, தடுப்புரிமையின் விதி ஆகிய நான்கும் குழுவின் கையிலேயே இல்லை. கடைசி விலக்கு மிக முக்கியம். தன்னைத் தடுக்கும் விதியைக் குழுவே மாற்ற முடியுமென்றால் மற்ற ஏற்பாடுகளுக்குப் பொருளே இல்லாமல் போகும்.

இங்கே மௌனம் சம்மதம். அன்றாட வேலை, யாரும் வராவிட்டாலும் நடக்கிறது. உறுப்பினர் எல்லாவற்றையும் படித்து எல்லாவற்றுக்கும் ஆம் சொல்ல வேண்டியதில்லை; தவறாகப் படுவதற்கு மட்டும் வந்தால் போதும். எங்களைப் போன்றவர்களிடம் இருக்கும் கவனத்துக்கு இந்த அளவுதான் கட்டுப்படியாகிறது.

ஆனால் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால், விஷயம் அவர்கள் காதில் விழுந்திருக்க வேண்டும். பராமரிப்பு என்று நான் சொல்வது இதைத்தான். இந்த முறையின் முழுச் செலவும் இங்கேதான். முதல் இரண்டு மாதம் குழு உத்தரவுகளைப் போட்டுக்கொண்டே போனது, யாரும் தடுக்கவில்லை, எல்லாம் சரியாகப் போகிறது என்று நினைத்தோம். விசாரித்தால் பாதிப்பேருக்கு உத்தரவு இருப்பதே தெரியவில்லை. அதன் பிறகு சுழற்சி முறையில் ஒருவரைக் காவலராக அமர்த்தினோம். ஒவ்வோர் உத்தரவும் எந்த முகவரிக்கு, எவ்வளவு, எதற்காக, அதில் குழுவினர் யாருக்காவது சம்பந்தம் உண்டா என்று நாலு வரியில் எளிய மொழியில் எழுதி எல்லாருக்கும் அனுப்புவது அவர் வேலை. அதற்குச் சிறு ஊதியம் உண்டு. குழுவில் இருப்பவர் காவலராக இருக்கக் கூடாது.

அந்த நாலு வரிதான் ஒரு முறை எங்களைக் காப்பாற்றியது. குழு உறுப்பினர் ஒருவர் தானும் சேர்ந்து நடத்தும் திட்டத்துக்கு நிதி நீட்டிப்புக் கேட்டு உத்தரவு போயிருந்தது. தீய எண்ணம் என்று நான் நினைக்கவில்லை, சொல்ல மறந்திருக்கிறார். காவலர் எழுதிய குறிப்பை ஐந்தாம் நாள் ஒருவர் படித்துக் கேள்வி கேட்டார். ஆறாம் நாள் 5 சதவீதம் சேர்ந்தது. முழு வாக்கெடுப்பில் தொகையைக் குறைத்து ஒப்புக்கொண்டோம்.

அவசரத்துக்கும் குழு உதவும். 2021 செப்டம்பரில் காம்பவுண்டில் 62-ஆம் முன்மொழிவின் பிழையால் கோடிக்கணக்கான டாலர் பெறுமான டோக்கன்கள் தவறான கைகளுக்குப் போனபோது உடனே நிறுத்தும் அதிகாரம் யாருக்கும் இல்லை. திருத்தமும் ஏழு நாள் நடைமுறை வழியாகத்தான் வர வேண்டியிருந்தது. ஈத்தீரியத்தின் மேல் இயங்கும் ஆர்பிட்ரம் பிளாக்செயின் இதற்காகவே 12 பேர் கொண்ட பாதுகாப்புக் குழுவை வைத்து, 9 கையெழுத்து இருந்தால் அவசர மாற்றம் செய்யலாம் என்றும், ஒவ்வொரு முறையும் பாதிப்பேருக்குத் தேர்தல் என்றும் அமைத்திருக்கிறது.

தடுப்புரிமையை யார் கையில் கொடுப்பது என்பதிலும் வழிகள் பல. ஈதர் நாணயத்தை ஸ்டேக் செய்ய, அதாவது வருமானத்துக்காக முடக்கி வைக்க, உதவும் லிடோ 2025-இல் கொண்டுவந்த இரட்டை நிர்வாகத்தில், ஆளும் டோக்கன் இல்லாவிட்டாலும் ஈதரை ஸ்டேக் செய்தவர்கள் முடிவைத் தாமதப்படுத்தலாம். அங்கே ஸ்டேக் செய்த ஈதரில் 1 சதவீதம் எதிர்ப்பில் சேர்ந்தால் காலம் நீளும், 10 சதவீதம் சேர்ந்தால் வெளியேற விரும்புகிறவர்கள் வெளியேறும்வரை முடிவு நிற்கும். முடிவால் பாதிக்கப்படுபவரிடம் பிரேக்கைக் கொடுப்பது எங்கள் விதியைவிட நியாயமானது. எங்களிடம் நிதி பெறுபவர்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை, அது என்னை உறுத்துகிறது.

மோலோக் டாவோ 2019-இல் கொண்டுவந்த, பங்கை எடுத்துக்கொண்டு வெளியேறும் உரிமையும் நல்ல பாதுகாப்புதான். ஆனால் 2023-இல் நௌன்ஸ் டாவோவில் பாதிக்கு மேற்பட்ட டோக்கன்கள் தங்கள் பங்குப் பணத்தோடு பிரிந்து போனதைப் பார்த்த பிறகு, எங்களைப் போலச் சின்னக் கருவூலத்துக்கு அது தாங்காது என்று விட்டுவிட்டோம். ஒரு ஆளுக்கு ஒரு வாக்கு முறையை நாங்கள் முயலவேயில்லை. ஒரே ஆள் பத்து வாலட் வைத்துக்கொள்வதைத் தடுக்கும் வழி எங்களிடம் இல்லை.

என் அனுபவத்தின் அளவையும் சொல்ல வேண்டும். தடுப்புரிமை இதுவரை ஒரே ஒரு முறைதான் பயன்பட்டிருக்கிறது. எங்கள் கருவூலத்தில் இருப்பது, ஒருவர் ஃப்ளாஷ் லோன் எடுத்து வந்து தாக்கும் அளவுத் தொகையும் அல்ல. பெரும்பணம் புழங்கும் இடத்தில் ஏழு பேரை விலைக்கு வாங்குவது எளிதாகிவிடலாம். அங்கே குழுவின் அதிகாரத்தை இன்னும் சுருக்க வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன், செய்து பார்த்ததில்லை.

அடுத்த மாதம் குழுவுக்கு இரண்டாம் தேர்தல். அதோடு காத்திருப்புக் காலத்தை ஏழிலிருந்து பத்து நாளாக்கலாமா என்றும் வாக்கெடுக்கிறோம். நிதி பெறுபவர்களுக்குத் தாமதமாகும் என்று குழுவினர் சிலர் தயங்குகிறார்கள், அது நியாயமான தயக்கம். நான் பத்துக்கு வாக்களிக்கப் போகிறேன். அன்று அந்தக் குறிப்பு ஒருவர் கண்ணில் பட்டது ஐந்தாம் நாள். எட்டாம் நாள் பட்டிருந்தால் பணம் போயிருக்கும்.